முப்பத்தைந்து பவுண்டுக் கில்டும் பத்து அடிக் கைத்தையலும்

கேள்வி: 3 பிப்ரவரி 2024

ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் நண்பன் ஒருவனுக்குத் திருமணம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் கில்ட், அதாவது அந்நாட்டு ஆண்களின் கொசுவம் வைத்த பாவாடை, அணிய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இணையத்தில் 35 பவுண்டுக்கு ஒன்று வாங்கினேன். இடுப்பு 36 என்று எழுதியிருக்கிறது. அணிந்தால் இடுப்பில் நிற்காமல் இறங்குகிறது. பின்பக்கம் குடை விரித்தது போல் எழும்பி நிற்கிறது. முழங்காலை முழுவதும் மூடுகிறது. தையற்கடையில் கேட்ட கூலி கில்டின் விலையைத் தாண்டியது. இதை வீட்டில் திருத்த முடியுமா, அல்லது தூக்கிப் போட்டுவிட்டு வாடகைக்கு எடுப்பதுதான் சரியா? எனக்குப் பொத்தான் தைக்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

பதில்: 4 பிப்ரவரி 2024

தூக்கிப் போட வேண்டாம். என் கணவரின் அலுவலகத் தோழர் ஒருவருக்கு ஏப்ரலில் ஸ்டிர்லிங்கில் திருமணம். அதற்காக நாங்களும் ஜனவரியில் இதே விலையில் ஒன்றை வாங்கினோம். அது இப்போது கிளாஸ்கோவில் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் தையல் பிரிந்த நிலையில் கிடக்கிறது. நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் அதிலும் அப்படியே இருந்தன. ஆகவே நான் செய்துகொண்டிருப்பதை இங்கே எழுதிக்கொண்டே போகிறேன்.

முதலில் கில்டின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். அது ஒரே நீளத் துணி. இரண்டு முனைகளும் தட்டையாக முன்னால் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். இவற்றை மேல் ஏப்ரன், உள் ஏப்ரன் என்பார்கள். நடுவில் உள்ள துணி முழுவதும் பின்பக்கம் கொசுவமாக மடிக்கப்பட்டிருக்கும். புடவைக் கொசுவத்தை நாம் முன்னால் செருகுகிறோம். இவர்கள் பின்னால் வைத்து, இடுப்பிலிருந்து பிட்டம் வரை அதைத் தைத்து இறுக்கிவிடுகிறார்கள். அந்தத் தைத்த பகுதிக்கு ஃபெல் என்று பெயர். ஒரு கில்ட் உடம்பில் ஒழுங்காக விழுகிறதா இல்லையா என்பதை அந்தப் பகுதிதான் தீர்மானிக்கிறது.

உடலளவு எடுத்து, கம்பளித் துணியில் தைத்துத் தரும் கில்டுக்குச் சில நூறு பவுண்டு ஆகும். அந்த விலையில் துணிக்கும் பல மணி நேரக் கைத்தையலுக்கும் கணிசமான பங்கு போகிறது. மலிவுக் கில்டில் துணி குறைவு, உள்ளே கேன்வாஸ் இல்லை, இடுப்புக்கும் பிட்டத்துக்கும் வேறுபாடு இல்லாமல் கொசுவம் நேராக இறங்குகிறது, கைத்தையல் அறவே கிடையாது. இவற்றில் துணியை மட்டும்தான் நம்மால் மாற்ற முடியாது.

இன்று அளவு மட்டும் எடுங்கள். ஜீன்ஸில் எழுதியுள்ள எண்ணை மறந்துவிடுங்கள். கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்க வேண்டிய உடை. சட்டைக்கு மேலே அளவு நாடாவை அந்த மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். அடுத்து, பிட்டம் மிக அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றளவும், தொப்புள் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்பதும் வேண்டும். பிறகு கில்டையும் அளந்துகொள்ளுங்கள். எங்களுடையதில் 36 என்று எழுதியிருந்தது; நாடாவில் 37 வந்தது. என் கணவருக்குத் தொப்புள் மட்டத்தில் 35, பிட்டத்தில் 40.

5 பிப்ரவரி 2024

நேற்று எழுதாமல் விட்டது. ‘அக்ரிலிக் கம்பளி’ என்று விற்பனைக் குறிப்பில் இருந்தால், அது பெரும்பாலும் அக்ரிலிக் மட்டுமே. உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், மிஞ்சியது விரலில் பொடியாகும். எங்களுடைய நூல் உருகிச் சுருண்டு, கடுகளவு கறுப்பு மணியாக இறுகிவிட்டது. சூடு ஆறும் வரை அதைத் தொடாதீர்கள். இந்தச் சோதனையை முதலிலேயே செய்தாக வேண்டும், ஏனென்றால் இஸ்திரிப் பெட்டியை எவ்வளவு சூட்டில் வைப்பது என்பது இதைப் பொறுத்தது.

11 பிப்ரவரி 2024

பக்கிள் மாற்றிய கதை. ஆண்களின் கில்டில் மேல் ஏப்ரன், அணிபவரின் வலப்பக்கம் வந்து முடியும். அதன் ஓரத்தில் குஞ்சம் போல் நூல் பிரித்து விட்டிருப்பார்கள். அந்த ஓரத்தில் உள்ள இரண்டு தோல் வார்கள் வலப்பக்கக் கொசுவத்தின்மேல் தைத்த இரண்டு பக்கிள்களில் மாட்டும். உள் ஏப்ரன் இடப்பக்கம் போய் முடியும். அதன் வார், இடப்பக்க இடுப்பில் உள்ள ஒரு துளை வழியாக வெளியே வந்து மூன்றாவது பக்கிளில் மாட்டும். எங்களுடையதில் அந்தத் துளைக்குக் காஜா எடுக்கவே இல்லை. வெட்டி விட்டிருந்தார்கள், நூல் பிசிறு பிசிறாக வந்துகொண்டிருந்தது. முதல் வேலையாக அதைச் சுற்றிக் காஜாத் தையல் நெருக்கமாகப் போட்டேன். அரை மணி நேர வேலைதான்.

வலப்பக்கப் பக்கிள் இரண்டையும் பிரித்து, ஓர் அங்குலம் பின்னால் தள்ளித் தைத்தேன். இடப்பக்கத்தில் பக்கிளைத் தள்ளவில்லை; அப்படிச் செய்தால் வார் வெளியே வரும் துளையையும் தள்ள வேண்டிவரும். அதற்குப் பதிலாக, உள் ஏப்ரனின் ஓரத்திலிருந்த வாரைப் பிரித்து, ஓர் அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தேன். உள்ளே இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் என்பதால் இடுப்பு 2 அங்குலம் குறைந்து 35 ஆகிவிடும்.

12 பிப்ரவரி 2024

நேற்றைய கடைசி வாக்கியம் தவறு. அணிவித்துப் பார்த்தோம், 36தான் வந்தது. கையில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி வைத்துக்கொண்டு யோசித்த பிறகுதான் காரணம் விளங்கியது. கில்ட் முன்பக்கத்தில் இரண்டு அடுக்கு. உள் ஏப்ரனோடு சேர்த்து ஒரு சுற்று, மேல் ஏப்ரனோடு சேர்த்து இன்னொரு சுற்று, ஒன்றின்மேல் ஒன்று. உள் சுற்றை ஓர் அங்குலம் இறுக்கி, மேல் சுற்றையும் ஓர் அங்குலம் இறுக்கினால், மொத்தத்தில் இறுகுவது ஓர் அங்குலம் மட்டுமே. ஒன்றை மட்டும் இறுக்கினால் மற்றது தொளதொளவென்று நிற்கும். ஆகவே இரண்டையும் சம அளவில்தான் தள்ள வேண்டும், கூட்டிக் கணக்குப் போடக் கூடாது.

இன்னும் ஓர் அங்குலத்தையும் இதே வழியில் குறைத்திருக்கலாம். ஆனால் அப்போது மேல் ஏப்ரன் வலப்பக்கக் கொசுவத்தின்மேல் அதிகமாக ஏறி, முன்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது போல் தெரியும். மிச்ச ஓர் அங்குலத்தைக் கொசுவத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

18 பிப்ரவரி 2024

நீளம். கில்டின் கீழ் விளிம்பு முழங்காற்சில்லின் மேல் விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில் எங்காவது நிற்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று இதை முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் குனிந்து பார்த்த உடனே விளிம்பு நகர்ந்துவிடும். அணிந்தபடி தரையில் முழந்தாளிட்டு நிமிர்ந்து நிற்க வேண்டும். விளிம்பு தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் தூக்கி நிற்க வேண்டும். என் கணவர் கூடத்தில் முழந்தாளிட்டு நிற்க, எங்கள் ஆறு வயது மகள் கீழே படுத்துக்கொண்டு அளவுகோலைப் பிடித்தாள். அவள் சொன்ன அளவு பூஜ்யம். துணி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

நல்ல கில்டில் கீழே மடித்துத் தைத்த ஓரம் இருக்காது. தறியிலிருந்து வந்த கரையே விளிம்பாக இருக்கும். அகலத் துணியை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, இரு பக்கக் கரையும் கீழே வரும்படி ஒன்றோடொன்று இணைப்பார்கள். 4 கெஜம் அகலத் துணி 8 கெஜம் ஆவது அப்படித்தான். இணைத்த இடம் ஒரு கொசுவத்துக்குள் மறைந்துவிடும். மலிவுக் கில்டில் கரை கிடையாது. கீழே இரட்டையாக மடித்து மிஷினில் ஓட்டியிருப்பார்கள். அந்தத் தடிப்பு 24 கொசுவத்திலும் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, அடிப்பகுதியைப் பிதுக்கிக் காட்டும்.

நான் கீழே கை வைக்கவில்லை. மேலே இடுப்புப் பட்டையைப் பிரித்து, துணியின் மேல் விளிம்பில் ஓர் அங்குலம் வெட்டி எடுத்தேன். உடலளவுக்குத் தைத்த கில்டில் இப்படிச் செய்யவே கூடாது, ஏனென்றால் அதில் இடுப்பின் குறுகல் ஒரு குறிப்பிட்ட உயரத்தில் அமைந்திருக்கும். மலிவுக் கில்டில் குறுகலே இல்லாததால் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. வெட்டுவதற்கு முன், பட்டை இருந்த இடத்துக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டுச் சுற்றிலும் இரண்டு வரி ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கத்தரி பட்டவுடன் கொசுவங்கள் கையை விட்டு வழுகிப் போய்விடும்.

வேலை வரிசையையும் சொல்லிவிடுகிறேன். நான் வாரைத்தான் முதலில் மாற்றினேன். பட்டையைப் பிரித்தபோது மேல் வாரை மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் நீளத்தை முதலில் முடியுங்கள். அதன்பின் கொசுவம், அதன்பின் கேன்வாஸ், பட்டை, கடைசியாக வாரும் பக்கிளும். 11ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு உடனே தொடங்கியவர் யாராவது இருந்தால் நிறுத்திவையுங்கள்.

25 பிப்ரவரி 2024

இந்த வாரம் முழுவதும் ஃபெல் வேலை. எழுத நிறைய இருக்கிறது.

குடை போல் விரிவதற்குக் காரணம் எளியது. எங்கள் கில்டில் கொசுவத்தை 4 அங்குலம் மட்டுமே தைத்து இறக்கியிருந்தார்கள். மேலே ஓர் அங்குலம் வெட்டியதில் அது 3 ஆகிவிட்டது. பிட்டத்தின் அகலமான இடமோ மேல் விளிம்பிலிருந்து 8 அங்குலம் கீழே. தையல் முடிந்த இடத்திலேயே கொசுவங்கள் வாய் திறந்துவிடுவதால், பிட்டத்துக்கு வருமுன்பே துணி விரிந்து நிற்கிறது. இன்னும் 5 அங்குலம் தைத்து இறக்கினால், பிட்டத்தின் அகலமான இடத்தை எட்டிய பிறகுதான் கொசுவம் விடுபடும். அப்போது அது கீழ்நோக்கி நேராகத் தொங்கும், நடக்கும்போது மட்டும் விசிறி போல் அசையும்.

24 கொசுவம், ஒவ்வொன்றுக்கும் 5 அங்குலம், ஆக 120 அங்குலம். புதிதாக இறக்குவது மட்டும் பத்து அடித் தையல். இதை மிஷினில் ஓட்ட வேண்டாம் என்று சொல்வேன், ஏனென்றால் வெளியே கோடு தெரியும், மடிப்பு முனை நசுங்கிப்போகும்.

கொசுவத்தின் அகலத்தையும் இதே சமயத்தில் சரிசெய்ய வேண்டும். எங்களுடையதில் ஒவ்வொரு கொசுவமும் மேலிருந்து கீழ் வரை 2.1 சென்டிமீட்டர் வெளியே தெரிந்தது. அதை இடுப்பில் 2 சென்டிமீட்டராகவும், பிட்டத்தில் 2.2 சென்டிமீட்டராகவும் மாற்றினேன். ஒரு மில்லிமீட்டர் என்றால் அற்பமாகத் தோன்றும். ஆனால் 24 கொசுவத்திலும் ஒவ்வொரு மில்லிமீட்டர் எடுத்தால் 2.4 சென்டிமீட்டர், அதாவது நமக்கு வேண்டியிருந்த ஓர் அங்குலம் வந்துவிடுகிறது. பிட்டத்தில் அதே அளவு கூடுதலாகவும் கிடைக்கிறது. இடுப்பில் பிடித்து, கீழே விரிந்து, மறுபடி நேராக விழும் அந்த வடிவம் இந்த மில்லிமீட்டரிலிருந்துதான் பிறக்கிறது.

செய்த முறை இதுதான். பழைய தையலைப் பிரித்தேன். வெள்ளை அட்டையில் மேலே 2, கீழே 2.2 சென்டிமீட்டர் இருக்குமாறு 8 அங்குல நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டிக்கொண்டேன். அதைக் கொசுவத்தின்மேல் வைத்துத் தையல் சாக்கால் இரு பக்கமும் கோடு இழுத்தேன். பக்கத்துக் கொசுவத்தின் மடிப்பு முனையை அந்தக் கோட்டில் சரியாக வைத்து, குண்டூசிகளைக் குறுக்காகக் குத்தினேன். ஊசியை அடிக்கொசுவத்தில் ஒரு நூல் கனத்துக்கு மட்டும் எடுத்து, மேல் மடிப்பின் முனைக்குள் செலுத்தி, உள்ளேயே கால் சென்டிமீட்டர் ஓடவிட்டு வெளியே எடுத்து, மறுபடி அடிக்கொசுவம். நூலை இழுத்ததும் தையல் மடிப்புக்குள் விழுந்து மறைந்துவிட வேண்டும். இழுப்பு அதிகமானால் முனை சுருங்கும், தளர்ந்தால் இடைவெளியில் நூல் பல்லிளிக்கும். முதல் இரண்டு கொசுவத்தையும் பிரித்து மறுபடி தைத்தேன். மூன்றாவதிலிருந்து கை பழகியது. ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம், மொத்தம் எட்டு மணி நேரம். தினமும் இரவில் நான்கு கொசுவம் என்று வைத்துக்கொண்டேன்.

கில்டின் கட்டம் போட்ட துணிக்கு டார்ட்டன் என்று பெயர். எங்கள் கில்ட் பிளாக் வாட்ச் என்னும் டார்ட்டன். கறுப்பு, கரும்பச்சை, கருநீலம். கறுப்பு நூலில் தைத்தால் எல்லாவற்றிலும் கரைந்துவிடும். சிவப்பு ராயல் ஸ்டூவர்ட் போன்ற டார்ட்டன் வைத்திருப்பவர்கள் நூலின் நிறத்தைத் துணியோடு பகலில் ஒப்பிட்டு வாங்குங்கள். விளக்கொளியில் பார்த்தால் எல்லாச் சிவப்பும் ஒன்றுதான்.

பொத்தான் மட்டுமே தைக்கத் தெரியும் என்றீர்கள். மேலே சொன்ன தையலுக்குத் தேவை ஒரு மெல்லிய ஊசி, ஒரு விரலுறை, பொறுமை. பொத்தான் தைத்த கைக்கு இது வரும்.

3 மார்ச் 2024

‘8 கெஜம் இல்லாவிட்டால் அது கில்டே அல்ல, 5 கெஜத்தை வைத்துக்கொண்டு பாடுபடுவது வீண்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் கில்டும் 5 கெஜம்தான், ஆனாலும் நான் இதை ஏற்கவில்லை.

பழைய நாளில் ஸ்காட்லாந்து மலைநாட்டார் அணிந்தது தைக்கப்படாத நீண்ட போர்வை. அதை உடம்பில் சுற்றி, வாரால் இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். கீழ்ப்பகுதி மட்டும் தனி உடையாகப் பரவியது 18ஆம் நூற்றாண்டில்தான். மலைநாட்டுக் கிளர்ச்சியாளர்கள் தோற்ற கலடன் போருக்குப் பிறகு, 1746இல் வந்த சட்டம் ஆண்களும் சிறுவர்களும் அந்த உடையை அணியத் தடை விதித்தது. தடை 1782இல்தான் நீங்கியது. கொசுவத்தை நிரந்தரமாகத் தைத்துவிட்ட கில்டுகள் அந்த நூற்றாண்டின் இறுதியில் கிடைக்கின்றன. அவற்றுக்குச் சுமார் 4 கெஜம் துணிதான் ஆயிற்று, கொசுவமும் இரு பக்கமும் மடியும் பெட்டிக் கொசுவமாக அகலமாக இருந்தது. 8 கெஜமும், ஒரே பக்கமாக மடியும் கத்திமுனைக் கொசுவமும் பின்னால் வந்த வழக்கம். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது கில்டை விழா உடையாகக் கொண்டாடத் தொடங்கிய பிறகு, அது மேலும் மேலும் கனமாகவும் ஆடம்பரமாகவும் ஆகிக்கொண்டே வந்தது.

8 கெஜக் கம்பளிக் கில்ட் ஏறத்தாழ 2 கிலோ எடை இருக்கும், அந்த எடையே கொசுவத்தைக் கீழே இழுத்து நிறுத்தும் என்பது உண்மை. எங்களுடையது அதில் பாதி எடைகூட இல்லை. அந்தக் குறையைத் தையலால் முழுவதும் ஈடு செய்ய முடியாது. காற்றடிக்கும் இடத்தில் அது தெரியத்தான் செய்யும். ஆனால் 5 கெஜம் என்பது வெட்கப்பட வேண்டிய அளவு அல்ல.

10 மார்ச் 2024

கேன்வாஸ் வைத்தேன். மலிவுக் கில்டில் வாரும் பக்கிளும் டார்ட்டன் துணியின்மேல் மட்டும் தைத்திருப்பார்கள். இறுக்கியவுடன் அந்த இடம் மூக்கு போல் நீண்டுவிடும். இழுவிசையைத் துணி தாங்கக் கூடாது, உள்ளே இருக்கும் கேன்வாஸ் தாங்க வேண்டும். 4 அங்குல அகலப் பட்டையாகப் பருத்திக் கேன்வாஸ் வெட்டி, ஒரு பக்கப் பக்கிளிலிருந்து மறுபக்கப் பக்கிள் வரை, கொசுவங்களின் முதுகில் வைத்து, ஒவ்வொரு கொசுவத்தோடும் பின்தையலில் பிடித்தேன். ஏப்ரன்களின் மேல்பகுதிக்கும் தனித்தனித் துண்டு வைத்தேன். அதன்மேல் மெல்லிய பருத்தி லைனிங்.

வாரையும் மாற்றினேன். பழையது தோல்தூளை ஒட்டிச் செய்தது, மடித்த இடத்தில் ஏற்கெனவே வெடித்திருந்தது. வீட்டிலிருந்த பழைய தோல் பெல்ட்டை ஒன்றேகால் அங்குல அகலத்துக்கு வெட்டி, குத்தூசியால் முன்கூட்டியே துளை போட்டு, மெழுகு தடவிய இரட்டை நூலால், டார்ட்டன், கேன்வாஸ் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தைத்தேன்.

16 மார்ச் 2024

கேன்வாஸை அப்படியே வைக்காதீர்கள். சாக்குக் கோடு போக வேண்டும் என்று கில்டைக் குளிர்ந்த நீரில் அலசிக் காயவைத்தேன். காய்ந்ததும் இடுப்பின் பின்பக்கம் முழுவதும் சிற்றலை போல் சுருங்கியிருந்தது. அக்ரிலிக் அப்படியே இருக்க, கேன்வாஸ் மட்டும் 2 சென்டிமீட்டர் சுருங்கிவிட்டது. லைனிங்கைப் பிரித்து, கேன்வாஸை எடுத்து, இப்போது வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

24 மார்ச் 2024

கேன்வாஸ் மறுபடி உட்கார்ந்துவிட்டது, அலை இல்லை. இனி இஸ்திரி.

கம்பளிக் கில்ட் என்றால் வழி தெளிவானது. கொசுவங்களைக் கீழே குறுக்காகத் தற்காலிகத் தையலால் கட்டிவைத்து, ஈரத் துணி போட்டு, நீராவியில் அழுத்தி, ஆறும் வரை அசைக்காமல் விட்டால் மடிப்பு நிற்கும். அக்ரிலிக்கில் இதைச் செய்யவே கூடாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்த நூல் தன் விறைப்பை இழந்துவிடும், இழந்தது திரும்பாது. உள் ஏப்ரனின் கீழ் மூலையில், மெல்லிய பழைய வேட்டித் துண்டை விரித்து, நடுத்தரச் சூட்டில் ஐந்து விநாடி வைத்துப் பார்த்தேன். எடுத்தபோது உள்ளங்கை அளவுக்குப் பளபளப்பு, தொட்டால் ஈரத் துண்டு போல் தொய்வு. வெளியே தெரியாத இடம் என்பதால் தப்பித்தோம். உங்கள் கில்டிலும் முதல் சோதனை அங்கேதான் இருக்க வேண்டும்.

பிறகு மிகக் குறைந்த சூட்டில், உலர்ந்த துணியை விரித்து, இழுக்காமல் வைத்து வைத்து எடுத்தேன். மடிப்பு ஓரளவுக்குத்தான் படிந்தது, இரண்டு நாளில் தளர்ந்தும் போயிற்று. ஆகவே வேறு வழி எடுத்தேன். ஒவ்வொரு கொசுவத்துக்கும் உள்ளே மறைந்திருக்கும் மடிப்பு ஒன்று உண்டு. அந்த உள் மடிப்பின் முனையில், விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி, ஃபெல் முடியும் இடத்திலிருந்து அடி வரை மிஷினில் ஒரு வரி ஓட்டினேன். 24 கொசுவத்துக்கும் 16 அங்குலம் வீதம் 32 அடி. வெளியே ஒரு தையலும் தெரியாது. ஆனால் உள் மடிப்பு கூர்மையாக நிற்பதால் வெளி மடிப்பும் அதையொட்டித் தன் இடத்துக்கே திரும்புகிறது. அக்ரிலிக்குக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெளி மடிப்பிலும் இப்படி ஓட்டலாம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மடிப்பு நிற்கும், ஆனால் பள்ளிச் சீருடைப் பாவாடை போல் கோடு கோடாகத் தெரியும். நான் செய்ய மாட்டேன்.

7 ஏப்ரல் 2024

கட்டம் பொருந்தாமை பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பின்பக்கத்தைப் பார்த்தால் டார்ட்டன் கட்டம் துண்டு துண்டாக உடைந்து தெரிவது மலிவுக் கில்டின் வெளிப்படையான அடையாளம் என்பது சரிதான். நல்ல கில்டில் இரண்டு வழக்கம் உண்டு. கொசுவமாக மடித்த பிறகும் முன்பக்கத்தில் உள்ள கட்டமே பின்பக்கமும் தொடர்வது போல் அமைப்பது ஒன்று. எல்லாக் கொசுவத்திலும் ஒரே கோடு நடுவில் வருமாறு அமைப்பது மற்றொன்று. இரண்டாவது பல படைப்பிரிவுகளின் வழக்கம்.

எங்கள் துணியில் ஒரு கட்டம் தொடங்கி மறுபடி அதே கட்டம் வர 6 அங்குலம் ஆகிறது. மொத்தத் துணி 180 அங்குலம். இரண்டு ஏப்ரனுக்கும் ஓர மடிப்புகளுக்கும் 60 போக, கொசுவத்துக்கு மிஞ்சுவது 120. ஒரே கோடு வர வேண்டும் என்றால் கொசுவம் ஒன்றுக்குச் சரியாக 6 அங்குலம் வேண்டும். ஆக 20 கொசுவம். கட்டம் தொடர வேண்டும் என்றால் 6 அங்குலத்தோடு வெளியே தெரியும் அகலத்தையும் சேர்க்க வேண்டும், அப்போது 16 கொசுவத்துக்கு மேல் வராது, ஒவ்வொன்றும் 3.3 சென்டிமீட்டர் அகலமாக இருக்கும். இரண்டும் நடக்கக்கூடியதே என்பது கணக்குப் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஜனவரியில் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால், 24 கொசுவத்தைத் தைத்திருக்க மாட்டேன். முழுவதையும் பிரித்து 20 ஆக மாற்றியிருப்பேன். நேரமும் குறைந்திருக்கும்.

ஆகவே, பிப்ரவரி 4இல் ‘அளவு மட்டும் எடுங்கள்’ என்றதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: துணியின் மொத்த நீளம், ஒரு கட்டத்தின் நீளம், கொசுவத்தின் எண்ணிக்கை. மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு, பிரிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

21 ஏப்ரல் 2024

நேற்று ஸ்டிர்லிங்கில் திருமணம். மாலையில் நான்கு மணி நேரம் ‘கெய்லி’ (ceilidh) என்னும் ஸ்காட்லாந்துக் கூட்டு நடனம். சுற்றிச் சுற்றி ஆடும் ஆட்டம். கில்ட் இடுப்பை விட்டு அசையவில்லை, வார் இழுபடவில்லை. ஸ்போரன் என்னும் முன்பையின் சங்கிலி உரசிய இடத்தில் மட்டும், மேல் ஏப்ரனில் நூல் உருண்டை உருண்டையாகத் திரண்டிருந்தது. அக்ரிலிக்கின் குணம் அது. சவரக் கத்தியால் துணிமேல் மெதுவாக இழுத்து எடுத்தேன்.

கில்ட் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. மேல் ஏப்ரனின் வலது கீழ் மூலையில் குத்தும் அந்த ஊசியை உள் ஏப்ரனோடு சேர்த்துக் குத்தக் கூடாது. விருந்தில் ஓர் இளைஞர் அப்படிக் குத்தியிருந்தார். உட்கார்ந்து எழுந்தபோது துணி கிழிந்தது.

12 மே 2024

அடிப்பகுதியின் தடிப்பு என்னை விடவில்லை. கீழ் மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு மடிப்பாக, மொத்தம் ஒன்றரை அங்குலத் துணி இருந்தது. அரை அங்குலம் மட்டும் விட்டு மிச்சத்தை வெட்டி, பிசிறு வராமல் இருக்க ஓரத்துக்கு ஓவர்லாக் போட்டு, ஒரே மடிப்பாக மடித்துக் கையால் ஹெம்மிங் செய்தேன். பிதுக்கம் பெரும்பாலும் போய்விட்டது.

இதைச் செய்யும்போது தோன்றியது: நீளத்தையும் இங்கேயே குறைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் மேலே இருந்த 4 அங்குலத் தையலில் ஓர் அங்குலம் போயிருக்காது. ஆனால் எப்படியும் இடுப்புக் குறுகலுக்காகப் பட்டையைப் பிரித்தாக வேண்டியிருந்தது. இடுப்பளவு சரியாக இருந்து, நீளம் மட்டும் கூடியிருப்பவர்கள் கீழேயே குறைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 18இல் நான் எழுதியது, இரண்டும் தவறாக இருப்பவர்களுக்குத்தான் பொருந்தும்.

2 ஜூன் 2024

இன்வர்னஸ் போவதற்கு எப்படி எடுத்துச் செல்வது என்று கேட்டிருந்தீர்கள். பெட்டியில் மடித்து வைக்க வேண்டாம். கொசுவங்களைக் கீழே பெரிய ஓட்டுத் தையலால் கட்டிவிட்டு, ஏப்ரனை உள்ளே மடக்கி, இடுப்பிலிருந்து அடி வரை உள்ள நீளம் மடியாமல் பக்கவாட்டில் பாய் போல் சுருட்டுங்கள். பெண்கள் அணியும் நீள ஸ்டாக்கிங்கின் ஒரு காலை வெட்டி, அதற்குள் அந்தச் சுருளை நுழைத்துவிட்டால் அவிழாது. போய்ச் சேர்ந்ததும் அவிழ்த்துத் தொங்கவிடுங்கள். ஓட்டுத் தையலை அணிவதற்கு முன் எடுத்துவிட மறக்காதீர்கள்.

16 ஜூன் 2024

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்பக்கம் நேராக விழுந்திருக்கிறது. தையல் முடியும் இடம் பிட்டத்தின் அகலமான இடத்தில் சரியாக நிற்கிறது. 20 கொசுவமாக மாற்றி, ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் கோடு வரும்படி வைத்திருக்கிறீர்கள். நான் செய்யாததை நீங்கள் செய்துவிட்டீர்கள். இடமிருந்து ஏழாவதில் மட்டும் அந்தக் கோடு ஒரு நூல் விலகியிருப்பது போல் தெரிகிறது. பிரிக்க வேண்டாம்; உள்ளிருந்து அந்த ஒன்றை மட்டும் ஃபெல் முடியும் இடத்தில் மூன்று தையல் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

எங்களுடையதில் பதினேழாவது கொசுவத்தில், அடியிலிருந்து இரண்டாவது தையல் அறுந்திருந்தது. இன்று காலை போட்டு முடித்தேன். இலையுதிர்காலத்தில் முழுவதையும் பிரித்து 20 ஆக மாற்றப் போகிறேன். கேன்வாஸை இப்போதே ஊறவைத்துக் காயப்போட்டுவிட்டேன்.